சித்திக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் வந்தது தண்ணீர்த் தாங்கிப் பக்கமாக. முரசுமோட்டையில் எங்கள் வளவுக்குள் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். குசினிக்குப் பின்னால், சீமெந்துத் தூண்களின் மேல் அப்பா ஏற்றிவைத்த கறுப்புத் தாங்கிக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு சித்தி உட்காருவார். பொழுதுபடும் நேரத்தில் லண்டனிலிருந்து வீடியோ கோல் வரும். அங்கே அது மதியச் சாப்பாட்டு நேரம். பாணைச் சவைத்தபடி ஒரு மனிதர் என் சித்திக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் சவைக்கும் சத்தத்தை வெறுத்துக்கொண்டிருப்பேன்.

என் சித்தி என்று சும்மா சொல்லவில்லை. அம்மாவின் ஒரே தங்கை அவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்களோடுதான் இருந்தார். ஊர் முன்பள்ளியில் படிப்பித்தார். என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார், பின்னேரம் சீப்பால் தலை இழுத்துவிடுவார், இரவில் எனக்குப் பக்கத்தில் படுப்பார். வீட்டில் நான் ஒரே பிள்ளை. அம்மாவை அப்பாவோடும் வயலோடும் மாடுகளோடும் பங்குபோட வேண்டியிருந்தது. சித்தியை யாரோடும் பங்குபோட வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயதுவரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடும்பம், பத்து வயதில் லண்டனுக்குப் போனவர். எல்லாருக்கும் பிடித்துக்கொண்டது. ஆனால் சித்தி அங்கே போக வேண்டுமென்றால் கொழும்பில் ஓர் ஆங்கிலச் சோதனை எழுதித் தேற வேண்டும். தேறிய பிறகு மாப்பிள்ளை லீவு எடுத்துக்கொண்டு வருவார், கலியாணம் நடக்கும், விசாவுக்குப் போடலாம் என்று பேசி முடித்தார்கள். அந்தச் சோதனைக்காகத்தான் தாங்கிக்குக் கீழே மாப்பிள்ளையின் வகுப்பு. சித்தி பெயிலாக வேண்டும் என்று றோட்டுக்கரைப் பிள்ளையாருக்கு நான் ஒரு தேங்காய் நேர்ந்துவைத்தேன். அம்மாவிடம் என்ன காரணம் சொல்லித் தேங்காய் கேட்பது என்று தெரியாததால் அந்த நேர்த்தி கடைசிவரை நிறைவேறவில்லை.

பெயர் என்ன, ஊர் எது, இன்றைக்கு என்ன சமைத்தீர் என்ற அளவில்தான் அந்தச் சோதனை இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலக்காரர் அன்றாடம் பேசும் பேச்சில், சொல்வது ஒன்றும் கருதுவது வேறொன்றுமாக வரும் தொடர்கள்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பது அவருடைய அனுபவம். படிக்கும் வயதில் அவர் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தாராம். ஒருநாள் மேலாளர் வந்து, வாசலில் காவலுக்கு நிற்கும் கிழவர் வாளியை உதைத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். இவர் தும்புத்தடியையும் துணியையும் தூக்கிக்கொண்டு, தண்ணீர் எங்கே ஊற்றிக் கிடக்கிறது என்று ஹோட்டல் முழுக்கத் தேடியிருக்கிறார். கிழவர் செத்துப்போனார் என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு யாரோ விளங்கப்படுத்தினார்களாம்.

சித்தி சிரித்த சிரிப்பில் கதிரை ஒரு பக்கம் சரிந்தது.

“சிரியாதையும். அதுக்குப் பிறகுதான் நான் ஒவ்வொண்டும் எங்கயிருந்து வந்ததெண்டு தேடத் தொடங்கினனான்” என்றார் அவர். “கழுத்தில கயிறு போட்டவன் வாளிக்கு மேல ஏறி நிண்டு அதைக் காலால தட்டிவிடுறது. அதில வந்ததாம். வந்த வழி தெரிஞ்சால் சொல்லு மறக்காது.”

“எங்கட ஊரில ஆள் மோசம் போட்டார் எண்டு சொல்லுவினம்” என்றார் சித்தி.

“மோசமோ? ஆரும் ஏமாத்திப்போட்டினமோ அவரை?”

சித்தி மறுபடியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளிக் கதை நல்ல கதை என்பது எனக்கே தெரிந்தது. அதுதான் கூடுதலாக எரிந்தது.

மாரி தொடங்கியபோது வகுப்பு தாங்கிக்குக் கீழிருந்து குசினி வாசலுக்கு வந்தது. நான் அடுப்படியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வதுபோலப் பாவனை செய்தேன். சத்தமாக மழை பெய்வதைக் கேட்டுவிட்டு, பூனையும் நாயும் பெய்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார் அவர். அந்தக் காலத்து ஆங்கிலக்காரரின் வீடுகள் வைக்கோலால் வேய்ந்தவையாம். குளிருக்குப் பூனையும் நாயும் கூரைக்குள் படுக்குமாம். பெருமழைக்குக் கூரை வழுக்கி எல்லாம் கீழே விழுமாம்.

கல்வீடு கிடைக்கும்வரை நாங்களும் ஓலைக் கொட்டிலில்தான் இருந்தோம். அந்த வகையில் எனக்குக் கூரைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

“பூனை படுக்கும். நாய் எப்பிடிக் கூரையில ஏறும்?” என்று கொப்பியைப் பார்த்தபடியே கேட்டேன்.

சித்தி அதை அப்படியே போனுக்குள் சொன்னார். “குஞ்சு கேக்கிறாள், நாய் எப்பிடி ஏறுமெண்டு.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். தான் இத்தனை வருடமாக அதை யோசிக்கவே இல்லை என்றார். இரண்டு பேரும் அன்று முழுக்க நாய் ஏணி வைத்து ஏறியதா, பூனை கைகொடுத்துத் தூக்கியதா என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். அவரை மடக்குவதற்காக நான் போட்ட கேள்வி அது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடும் பொருளாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சரைப் பிடித்து எனக்கும் ஒன்று சொல்லித்தரும்படி கேட்டேன். லேசான வேலையை ‘பீஸ் ஒஃப் கேக்’ என்று சொல்லலாம் என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அதெல்லாம் சோதனைக்கு வராது என்று சொல்லிவிட்டார். ஆகவே நானே ஒன்றை உண்டாக்கினேன். ஆங்கிலக்காரரின் கலியாணத்தில் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை, மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஒரு துண்டு கேக் தீத்திவிட்டால் கலியாணம் முடிந்தது, எங்களைப்போல விடியவிடியக் கஷ்டப்பட வேண்டியதில்லை, அதனால்தான் லேசான வேலைக்கு அந்தப் பெயர் என்று சித்திக்குச் சொன்னேன். சித்தி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அந்த ஒரு பகல் முழுக்க நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் அது லண்டனுக்குப் போய்விட்டது. அவருக்கு என் கதை அவ்வளவு பிடித்துவிட்டதாம். அன்றிலிருந்து போனை வைக்கும்போது அவர் “பீஸ் ஒஃப் கேக்” என்பார், சித்தியும் மெதுவாக “பீஸ் ஒஃப் கேக்” என்பார். அதற்கு அவர்களுக்குள் வேறு ஏதோ கருத்து இருந்தது. நான் செய்த கதையை வைத்து, எனக்கு விளங்காத ஒரு பாஷை பேசினார்கள்.

“குஞ்சு, இஞ்ச வா. சித்தப்பா உன்னோட கதைக்கவாம்” என்று சித்தி கூப்பிடுவார்.

“எனக்குக் கணக்குச் செய்ய இருக்கு” என்பேன். சித்தப்பா என்ற சொல்லை என் வாயால் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

இன்னொரு நாள் அவர் பாண் சுடும் போறணைக்குள் பணிஸ் இருக்கிறது என்று ஒன்றைச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, அதன் கருத்தைச் சொல்லாமல் தானே சிரித்தார். சித்தி கருத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து, “சும்மா இருங்கோ, பிள்ளை நிக்கிறாள்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கட பக்கம் முழுகாமல் இருக்கிறா எண்டு சொல்லுவம்” என்றார்.

“முழுகாமலோ? ஏன், தண்ணி இல்லையோ?”

அடுத்த வளவு அன்ரி முழுகாமல் இருக்கிறா என்று அம்மா ஒருநாள் சொன்னதிலிருந்து நான் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றுவந்தேன். ஆனால் வயிறு பெருத்துக்கொண்டு வந்த அன்ரியில் சவர்க்கார வாசம்தான் வந்துகொண்டிருந்தது. வாசமாக இருக்கிறவரை ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் அம்மாவைக் கேட்டேன், சித்தியைக் கேட்டேன். ‘பெரியாக்களின்ர கதை’ என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. இப்போது அதே கேள்வியை அந்த மனிதர் கேட்கிறார். சித்தி போனை வாயோடு ஒட்டிக்கொண்டு பதில் சொல்கிறார். கதவுக்குள்ளிருந்து எவ்வளவு எட்டியும் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. நான் ஒன்பது வருடமாகச் சித்தியோடு இருக்கிறேன். அவர் போனில் வரத் தொடங்கி ஆறு மாதமாகவில்லை. எனக்குச் சொல்லாததையெல்லாம் சித்தி அவருக்குச் சொல்கிறார்.

ஆனாலும் என்னிடம் மட்டும் இருந்த ஒன்று மிச்சமிருந்தது. சனிக்கிழமைகளில் சித்தியும் நானும் வாய்க்காலில் குளிக்கப் போவோம். சித்தியின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, என் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. ஓரங்கள் சுருங்கி, நடுவில் மினுமினுப்பாக இருக்கும். அங்கே சித்தியின் கை எட்டாது. அந்தத் தழும்புக்குச் சவர்க்காரம் போடுவது என் வேலை. அது எப்படி வந்தது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை கிடைக்கும். மாடு இடித்தது என்பார். இன்னொரு நாள் மாமரத்தால் விழுந்தது என்பார். முள்ளுக்கம்பிக்குள்ளால் பூந்து ஓடியது என்றும் சொல்லியிருக்கிறார். உண்மைக் கதை வேறு ஏதோ என்று எனக்குத் தெரிந்திருந்தது. வளர்ந்த பிறகு ஒருநாள் எனக்குத்தான் அதை முதலில் சொல்வார் என்று நம்பியிருந்தேன். சவர்க்காரம் போடுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எங்கள் வீட்டில் பெரியவர்கள் சில வேளைகளில் ‘அந்த நேரம்’ என்று பேசுவார்கள். அந்த நேரம் நகையெல்லாம் போச்சு, அந்த நேரம் பெரியப்பா இல்லாமல் போனார். நான் அதை மணிக்கூட்டில் வரும் ஏதோ ஒரு நேரம் என்றுதான் சின்னதில் நினைத்தேன். சண்டைக்காலம் என்று அவர்கள் பெயர் சொன்னதே இல்லை. தழும்பை யாரும் அந்த நேரத்தோடு சேர்த்துப் பேசியதும் இல்லை.

தை பிறந்து, மழை விட்டு, கதிரை மறுபடியும் தாங்கிக்குக் கீழே போயிருந்தது. அன்றைய தொடர் ‘பைட் த புல்லட்’.

“சன்னத்தைக் கடிக்கிறது” என்று அவர் வழக்கம்போலக் குஷியாகத் தொடங்கினார். “தாங்க ஏலாத ஒண்டைப் பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்கிறது எண்டு கருத்து. முந்தி சண்டையில காயப்பட்ட ஆக்களுக்கு மயக்க மருந்து இல்லைத்தானே. வெட்டேக்க கத்தாமல் இருக்க, வாயில ஒரு சன்னத்தைக் குடுத்துக் கடிக்கச் சொல்லுவினமாம். விளங்குதே?”

சித்தி போனை மடியில் இறக்கினார்.

“ஹலோ? லைன் போட்டுதோ?”

“இல்லை, இருக்கிறன்” என்றார் சித்தி. “எனக்குச் சீலைத்துண்டு தந்தவை.”

“என்ன?”

“கடிக்க. சீலையைக் கிழிச்சுச் சுருட்டி வாய்க்குள்ள வைச்சவை. மருந்து முடிஞ்சுது எண்டவை.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து சவைக்கும் சத்தம் கேட்கவில்லை. சித்தி போனை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனார். அவ்வளவு நீளமாகச் சித்தி பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. அக்கா தண்ணிக்குப் போயிட்டா என்று கேட்டது. பிறகு என் பெயர் கேட்டது. குஞ்சு கையில, கீழ விட ஏலாது, நல்ல பாரம் என்று கேட்டது. திரும்பிட்டன், முதுகில என்று கேட்டது. பிறகு சித்தி அழுதார். அவர் ஏதோ சொன்னார், அது ஆங்கிலமா தமிழா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தழும்பின் கதையை அவருக்குச் சொல்லிவிட்டார் என்பது மட்டும் விளங்கியது. அதைவிட மோசம், என்னைப் பற்றி முறையிட்டும் இருக்கிறார். நான் பாரமாம். என்னைக் கீழே விட முடியாமல் இருக்கிறதாம். என்னால்தான் லண்டனுக்குப் போவது கஷ்டம் என்று அந்த மனிதரிடம் சொல்லி அழுகிறார். அன்றிரவு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தேன். ஏன் என்று அம்மா கேட்டபோது, சித்தி குறட்டை விடுகிறா என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாய்க்காலில் சித்தி வழமைபோல முதுகைக் காட்டிக்கொண்டு சவர்க்காரத்தைப் பின்னால் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“என்ன, கை நோகுதோ?”

“உங்கட லண்டன்காரரைக் கேளுங்கோ போட்டுவிட” என்றேன்.

சித்தி திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துத் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். கரையில் துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டேன். சித்தி கிட்ட வந்து என்னை இழுத்து மடியில் இருத்தினார்.

“பாரமா இருக்கிறன் எண்டால் இறக்கி விடுங்கோ” என்றேன்.

சித்தியின் சிரிப்பு நின்றது. “ஆர் சொன்னது நீ பாரமெண்டு?” என்று கேட்டார். என்னை இறக்கிவிடவில்லை. இருவருக்கும் குளிரெடுக்கும்வரை அப்படியே தண்ணீருக்குள் இருந்தோம்.

மாசியில் அப்பா சித்தியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். குடும்பத்தைப் பற்றிச் சொல், உன் ஊரில் என்ன பயிர் செய்வார்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாராம். “ஒரு வாளியும் வரேல்லை, ஒரு பூனையும் வரேல்லை” என்று வந்து சொன்னார் சித்தி. நல்ல புள்ளியோடு தேறிவிட்டார். தேங்காய் உடைபடாததால் பிள்ளையாரைக் குறைசொல்ல எனக்கு வழியிருக்கவில்லை.

பின்னாளில் நான் அந்தத் தொடர்களை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன கதைகளில் பலவற்றுக்கு ஆதாரம் இல்லையாம். கூரையில் நாய் படுத்ததற்குச் சாட்சி கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத இடங்களில், கேட்கிறவனைத் திருப்திப்படுத்த ஆட்கள் ஒரு கதையைச் செய்து வைத்திருக்கிறார்கள், சித்தி எனக்கு மாட்டையும் மாமரத்தையும் சொன்னதுபோல.

தழும்பின் உண்மைக் கதையை எனக்குச் சொன்னது அம்மா. சித்திக்கு லண்டனில் மகள் பிறந்த சேதி வந்த நாள் அது. நான் பதினொராம் வகுப்பில் சாதாரணதரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எனக்கு ஒரு வயதுகூட ஆகவில்லையாம். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். என்னைத் தூக்கி வைத்திருந்தது பதினாறு வயதுச் சித்தி. செல் குண்டு கூவிவரும் சத்தம் கேட்டிருக்கிறது. பதுங்குகுழிக்கு ஓட நேரம் காணாது. சித்தி என்னை நெஞ்சோடு அமத்திக்கொண்டு, சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக் குந்திவிட்டார்.

“ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“அவள்தான் சொல்ல விடேல்லை. தன்னாலதான் எண்டு பிள்ளை நினைப்பாள் எண்டவள்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் கலியாணத்தின்போது எனக்கு வயது பத்து. இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வைகாசியில் அவர் வந்தார். கிளிநொச்சியில் மண்டபம் எடுத்துக் கலியாணம் நடந்தது. ஐயரும் ஓமமும் கஷ்டமும் எல்லாம் முறைப்படி இருந்தன. போனில் பார்த்ததைவிட அவர் கட்டையானவர். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கையை இடுப்பிலேயே வைத்திருந்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர் எல்லாம் ஒவ்வொருவராகப் படத்துக்கு நின்ற பிறகு, சித்தி என்னை மணவறைக்குக் கூப்பிட்டார். அம்மா முதுகில் ஒரு தள்ளுத் தள்ளியதால் போனேன். ஏதாவது ஆங்கிலத்தில் கேட்டு என்னை மடக்கப் பார்ப்பார் என்று ஆயத்தமாகத்தான் போனேன்.

அவர் ஆங்கிலத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்புக் கையை எடுத்துவிட்டு, என் உயரத்துக்கு முழங்காலில் இருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்தார். முகத்தைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், புதுச் செருப்புப் போட்ட கால்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஓமப் புகை பழக்கமில்லை என்று நினைத்தேன்.

“நல்லா வளந்திட்டாய் குஞ்சு” என்றார். “எவ்வளவு பெரிய பிள்ளையா வளந்திட்டாய்.”

சின்னதில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர்கள் சொல்லும் கதை அது. இவர் என்னை நேரில் காண்பதே அன்றைக்குத்தான். பத்து வயதில் நாட்டைவிட்டுப் போனவர், எங்கே எதைச் சொல்வதென்று தெரியாமல் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆகவே அவரைத் திருத்தினேன்.

“நான் எப்பவும் இவ்வளவுதான்” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. படம் எடுக்கிறவர் இரண்டு முறை நிமிர்ந்து பார்க்கச் சொல்லியும் அவர் என் கைகளை விடவில்லை.